அண்டங்களின் வடிவமும் அவற்றின் சுற்றுப்புறமும்

அண்டங்களின் புகைப்படங்களை மாணாக்கர்முன் விரித்து வைத்து, இது சுருள், இது நீள்வட்டம், இது ஒழுங்கற்றது என்று பெயர் சொல்லிக் கொடுப்பதோடு நம் வகுப்புகளில் இப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பெயர்களை மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் படம் வரைகின்றனர், பிறகு மறந்துவிடுகின்றனர். அவ்வடிவங்கள் வானத்தில் எவ்வாறு பரவியுள்ளன, எந்த வடிவம் கூட்டத்தில் வாழ்கிறது, எது தனித்து வாழ்கிறது என்னும் கேள்வி எழுவதே இல்லை. ஆனால் இந்தப் பாடத்திலுள்ள உண்மையான விஞ்ஞானம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில், விரிவுரையைத் தமிழாக்கிச் சொல்லும் பணிக்காக நான் அமர்ந்திருந்தேன். ஓர் ஆசிரியை எழுந்து, “நீள்வட்ட அண்டம் பிறக்கும்போதே நீள்வட்டமாகப் பிறந்ததா, அல்லது வளர்ந்த இடத்தால் அவ்வாறு ஆயிற்றா?” என்று வினவினார். விரிவுரையாளர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் தமது குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதையும் அக்கேள்விக்கே செலவிட்டார். இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்தப் பிற்பகலே.

கோடிக்கணக்கான நட்சத்திரங்களும், வாயுவும், தூசும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் தொகுதியையே இங்கு அண்டம் என்கிறோம். நாம் வாழும் பால்வீதியும் அத்தகைய ஓர் அண்டமே. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க வான நூலறிஞர் எட்வின் ஹப்பிள் அண்டங்களை நீள்வட்டம், சுருள், ஒழுங்கற்றவை என வகைப்படுத்தினார். நீள்வட்ட அண்டங்களில் வாயு மிகக் குறைவு, நட்சத்திரங்கள் முதியவை, நிறம் சிவப்பு நோக்கியது. சுருள் அண்டங்கள் தட்டையான வட்டுப் போன்றவை; அவற்றில் வாயு மிகுதி; புதிய நட்சத்திரங்கள் இன்றும் பிறந்துகொண்டிருப்பதால் சுருட்கைகள் நீல நிறமாகத் தோன்றுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு வகை இருக்கக்கூடும் என்று 1936-இல் அவர் கருதினார். வட்டு உண்டு, சுருட்கை இல்லை, வாயுவும் அநேகமாக இல்லை. பார்வைக்குக் கண்ணாடி வில்லையைப் போலிருப்பதால் அதனை வில்லை அண்டம் என்கிறோம். நம் கட்டுரையின் முக்கிய பாத்திரம் இந்த வில்லை அண்டமே என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கு மொழிபெயர்ப்பாளன் என்னும் முறையில் ஓர் எச்சரிக்கை. வானநூல் ஆங்கிலத்தில் நீள்வட்ட, வில்லை அண்டங்களை ‘முற்பட்ட வகை’ என்றும், சுருள் அண்டங்களைப் ‘பிற்பட்ட வகை’ என்றும் வழங்கும் மரபு உண்டு. இச்சொற்களை நேராகத் தமிழாக்கினால், நீள்வட்டமாக இருந்த அண்டம் நாளடைவில் சுருளாக மாறுகிறது என்று மாணாக்கன் எண்ணிவிடுவான். ஹப்பிள் இச்சொற்களை வரிசை முறையைக் குறிக்கவே எடுத்துக்கொண்டார்; காலத்தைக் குறிக்க அன்று. நானும் ஒரு காலத்தில் இவற்றை அப்படியே பெயர்த்தெழுதி அச்சேற்றியிருக்கிறேன், இப்போது எழுதுவதில்லை. வகுப்பில் வடிவத்தின் பெயரையே சொல்லுவது நன்று.

இனி, சுற்றுப்புறத்தின் கதை. 1931-ஆம் ஆண்டிலேயே ஹப்பிளும் அவரது உடன் பணியாளர் ஹுமாசனும், அண்டத் திரள்களில் சுருள் அண்டங்கள் அரிதாகவும் நீள்வட்டங்கள் மிகுதியாகவும் இருப்பதைக் குறிப்பிட்டனர். அதனை அளவிட்டு உறுதி செய்தவர் ஆலன் டிரெஸ்லர். 1980-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 55 திரள்களிலுள்ள ஏறக்குறைய 6,000 அண்டங்கள் இடம்பெற்றன. ஒவ்வோர் அண்டத்தின் வடிவத்தையும் புகைப்படத் தகட்டில் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தார். பிறகு அதற்கு மிக அண்மையிலுள்ள பத்து அண்டங்கள் எவ்வளவு பரப்புக்குள் அடங்குகின்றன என்று கணக்கிட்டு, அவ்விடத்தின் நெருக்கத்தை அறிந்தார். முறை இவ்வளவு எளியது. முடிவோ மிகத் தெளிவானது. அண்டங்கள் தனித்தனியே சிதறிக் கிடக்கும் இடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 சுருளும் ஒழுங்கற்றவையுமாக இருக்கின்றன. நீள்வட்டம் ஏறத்தாழ 10 தான். திரளின் மிக நெருங்கிய நடுவிடத்திலோ சுருள்கள் ஏறத்தாழ 10 ஆகக் குறைந்து, நீள்வட்டங்கள் 40 அளவிற்கும், வில்லைகள் 50 அளவிற்கும் உயர்ந்துவிடுகின்றன. நெருக்கம் படிப்படியாக மாற, விகிதமும் படிப்படியாக மாறுகிறது.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு திரள்களே போதும். கன்னித் திரள் நம்மிடமிருந்து ஏறக்குறைய 5 கோடியே 40 இலட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ளது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட அண்டங்களைக் கொண்டது. அதன் உருவம் ஒழுங்கற்றது. ஓரங்களில் சுருள் அண்டங்கள் இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருக்கின்றன. நடுவில் வீற்றிருப்பது எம் 87 என்னும் பேருருவ நீள்வட்டம். 2019-இல் கருந்துளையின் நிழற்படம் முதன்முதலில் வெளியிடப்பட்டதே இதன் மையத்திலிருந்துதான். கோமாத் திரள் ஏறக்குறைய 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. மிக நெருக்கமானது, உருண்டையானது. அதன் நடுப்பகுதிப் படத்தை மாணாக்கர் கையில் கொடுத்துச் சுருள் அண்டம் ஒன்றைத் தேடச் சொன்னால், தேடித் தேடிச் சலித்துவிடுவர். அந்தச் சலிப்பே பாடத்தின் முதற்படி. “ஏன் ஒன்றுமே இல்லை?” என்று அவர்களே கேட்கும்வரை ஆசிரியர் பொறுத்திருத்தல் வேண்டும்.

பயிற்சியை நடத்த விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்திலிருந்து நடத்தப்பட்ட ஸ்லோன் வான அளவீட்டின் படங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கோமாத் திரளின் நடுப்பகுதி, அதன் ஓரப்பகுதி, திரள் எதிலும் சேராத தனி அண்டங்கள் என மூன்று தொகுதிப் படங்களை அச்சிட்டு, எந்தத் தொகுதி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். இடத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் மாணாக்கர் விடையை எதிர்பார்த்தே வகைப்படுத்துவர். இது பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கும் நேரக்கூடிய பிழை. ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே பார்த்து எழுதட்டும். இருவரும் மாறுபடும் படங்களை அழித்துத் திருத்தச் சொல்லக்கூடாது. தனியாக எண்ணச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு எத்தனையில் மாறுபாடு என்பது அவ்வகுப்பின் அளவைப் பிழையைக் காட்டும்.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. நேர்முகமாகத் திரும்பியிருக்கும் வில்லை அண்டத்தையும் நீள்வட்டத்தையும் படத்தில் பிரித்தறிதல் தேர்ந்தவர்களுக்கே கடினம். பள்ளியில் இரண்டையும் ஒரே கட்டத்தில் சேர்த்துவிடலாம். விளிம்பு நோக்கித் திரும்பிய சுருள் அண்டத்தில் சுருட்கை தெரியாது. தூசுப் பட்டை ஒன்று குறுக்கே கறுப்பாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். திரளின் படத்தில் காணும் எல்லா அண்டங்களும் திரளுக்குள் இருப்பவை அல்ல. சில நமக்கும் திரளுக்கும் இடையிலும், சில அதற்கு அப்பாலும் இருக்கும். இதை விளக்க, சந்தைக் கூட்டத்தைக் கோபுரத்தின் மேலிருந்து படம் எடுத்தால் தெருவில் போகிறவனும் சந்தைக்கு வந்தவனாகவே தோன்றுவான் என்று சொன்னால் போதும். வேகத்தை அளந்தே தூரம் தெரியவரும். எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணிக்கை. இருபது அண்டங்களைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரலாகாது. நான்கைந்து வகுப்புகள் தம் எண்ணிக்கைகளை ஒன்றுசேர்த்தால் வேறுபாடு துலங்கும்.

காரணத்திற்கு வருவோம். கள அலுவலர்களுக்கு இவ்விடத்தில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஒரு வயலில் நெல் ஓங்கி வளர்ந்தால் அது விதையின் குணமா, நிலத்தின் குணமா என்னும் கேள்வி அவர்களுக்குப் பழகியது. ஒரே விதையை இரு நிலங்களில் விதைத்துப் பார்த்தே அதைத் தீர்மானிக்கிறார்கள். அண்டங்களை நாம் விதைக்க இயலாது. ஆகையால் ஒரே நிறையுள்ள அண்டங்களை நெருக்கமான இடத்திலிருந்தும் நெருக்கமில்லாத இடத்திலிருந்தும் பொறுக்கியெடுத்து ஒப்பிடுகிறோம். நிறை மிகுந்த அண்டங்கள் எங்கிருந்தாலும் நீள்வட்டமாக இருப்பது அதிகம்; அவை நெருக்கமான இடங்களிலேயே மிகுதியாகவும் இருக்கின்றன. ஆகவே நிறையை ஒதுக்காமல் சூழலின்மேல் மட்டும் பழி போட்டால் கணக்குத் தவறும். நிறையைச் சமமாக்கிய பின்னரும் சூழலின் விளைவு எஞ்சி நிற்கிறது என்பதே இதுவரை கண்ட முடிவு. விதைக்கும் பங்குண்டு, நிலத்துக்கும் பங்குண்டு.

நிலத்தின் வேலை எவ்வாறு நடக்கிறது? முதலாவது மோதல். இரு அண்டங்கள் மோதும்போது நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டுவது அநேகமாக இல்லை. அவற்றினிடையே உள்ள தூரம் அத்தகையது. ஆனால் ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றின் நட்சத்திரங்களைக் கலக்கிவிடுகிறது. இத்துறையில் தொடக்கக் காலக் கணக்குகளுள் ஒன்று நம் நாட்டினரால் செய்யப்பட்டது. ஐதராபாத்தில் ஒஸ்மானியாப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எஸ். எம். அலாதீன், மோதும் அண்டங்களின் இயக்கத்தைப் பற்றி 1965-இல் ஆய்வுரை வெளியிட்டார். 1972-இல் டூம்ரி சகோதரர்கள் கணிப்பொறியின் துணையால், மோதும் அண்டங்களிலிருந்து நீண்ட வால்கள் இழுபட்டு வெளிவருவதைக் காட்டினர். இரு சுருள்கள் இணைந்து ஒரு நீள்வட்டமாகக்கூடும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

இங்கே மாணாக்கர் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. நெருக்கமான திரளில்தான் இணைப்பு அதிகம் நடக்கும் என்று அவர்கள் எண்ணுவர். உண்மை வேறு. கோமாத் திரளில் அண்டங்கள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் விரைகின்றன. இத்தனை வேகத்தில் சந்திக்கும் இரண்டும் ஒன்றையொன்று உலுக்கிவிட்டுக் கடந்து போய்விடும், இணையா. எதிரெதிர்த் தண்டவாளங்களில் விரையும் இரு புகைவண்டிகளின் பயணிகள் கைகுலுக்க முடியாதது போல எனலாம். இணைப்பு நடக்க ஏற்ற இடம், வேகம் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறு குழுக்கள். இன்று பெருந்திரளின் நடுவிலிருக்கும் நீள்வட்டங்கள் பலவும் முன்பு சிறு குழுக்களில் இணைந்து உருவாகி, பின்னர் திரளுக்குள் வந்து சேர்ந்தவை என்று கருத இடமுண்டு.

இரண்டாவது காரணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1951-இல் ஸ்பிட்சரும் பாடேயும், திரளில் சுருள் அண்டங்கள் ஒன்றோடொன்று மோதி வாயுவை இழந்து வில்லை அண்டங்களாகின்றன என்று கூறினர். வாயு துடைக்கப்படுகிறது என்பதில் அவர்கள் சொன்னது பெரிதும் சரி. துடைக்கும் விளக்குமாறுதான் வேறு. பின்னாளில் எக்ஸ் கதிர்க் கருவிகளை வானில் அனுப்பியபோது, திரள்களில் அண்டங்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையன்று, பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு அங்கு நிரம்பியிருக்கிறது என்று தெரியவந்தது. அது மிக மெல்லியது. ஒரு கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள்களே. எனினும் காற்றே இல்லாத நாளிலும் மிதிவண்டியில் விரைபவன் முகத்தில் காற்று அறைவதுபோல், விரையும் அண்டத்தின்மீது இந்த வாயு மோதி அழுத்துகிறது. 1972-இல் கன்னும் காட்டும் இதைக் கணக்கிட்டனர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. நட்சத்திரங்கள் அசைவதில்லை, அண்டத்தின் வாயு மட்டும் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது. வாயு போனால் புதிய நட்சத்திரம் பிறக்க மூலப்பொருள் இல்லை. நீல நட்சத்திரங்கள் மடிய, சுருட்கைகள் மங்குகின்றன.

இதைப் படத்தில் கண்ணாரக் காட்டலாம். இழுதுமீன் எனப்படும் கடல் உயிரின் தோற்றத்தில், பின்னால் இழைகள் தொங்க விரையும் அண்டங்கள் உள்ளன. ஏபெல் 85 என்னும் திரளிலுள்ள ஜேஓ 201 அவற்றுள் ஒன்று. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஏவப்பெற்ற நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக் கோளின் புற ஊதாத் தொலைநோக்கி இதனைப் படம் பிடித்தது. பிரிந்துபோன வாயுவிலேயே இளம் நட்சத்திரங்கள் பிறந்து ஒளிர்வது அதில் பதிவாயிற்று. ஹைடிரஜன் வாயுவைக் காண வானொலி அலைகள் வேண்டும். கன்னித் திரளின் நடுவை நெருங்கிய சுருள் அண்டங்களில், வெளியே தனித்திருக்கும் அதே அளவுச் சுருள்களைவிட ஹைடிரஜன் குறைந்திருப்பது அவ்வாறே அறியப்பட்டது. புனே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளுடன் இயங்கும் பெரு வானொலித் தொலைநோக்கியும் இத்தகைய அளவைகளுக்கு உரியதே.

மூன்றாவது காரணம் நம் ஊர்ப்பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். குளத்தின் வரத்துக்கால் அடைபட்டால் குளம் அன்றே வற்றிவிடாது. இருக்கும் நீரைப் பயிர் குடிக்கும்வரை வயல் பச்சையாகவே இருக்கும். அண்டத்திற்கும் வெளியிலிருந்து வாயு மெல்ல வந்து சேர்ந்துகொண்டிருக்கும். திரளுக்குள் புகுந்ததும் அவ்வரத்து நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் வாயு தீரும்வரை நட்சத்திரங்கள் பிறக்கும். பிறகு சுருள் வடிவம் மட்டும் சிறிது காலம் எஞ்சும். 2007-இல் தொடங்கிய ‘கேலக்ஸி சூ’ என்னும் முயற்சியில், பொதுமக்கள் தாமே முன்வந்து ஏறக்குறைய 9 இலட்சம் அண்டங்களை வகைப்படுத்தினர். அதில் சிவந்த சுருள் அண்டங்கள் கணிசமாக வெளிப்பட்டன. வடிவத்தைக் காட்டிலும் நிறமே சூழலோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும் அதனால் தெரிந்தது. முதலில் நிறம் மாறுகிறது. வடிவம் பிறகு மாறுகிறது போலும். இவ்வளவு நுட்பமான முடிவு, பள்ளி ஆசிரியர்களும் மாணாக்கரும் உட்பட எத்தனையோ பேர் படம் பார்த்து எண்ணியதால் கிடைத்தது என்பதை வகுப்பில் சொல்லாமல் விடலாகாது.

காலமும் சாட்சி சொல்கிறது. தொலைவில் பார்ப்பது பழமையைப் பார்ப்பது. 1978-இல் புட்சரும் ஓம்லரும் தொலைவான திரள்களில் நீல அண்டங்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் துணையால் 1997-இல் டிரெஸ்லர் குழுவினர், ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட திரள்களில் வில்லைகள் குறைவாகவும், சுருள்கள் மிகுதியாகவும், நீள்வட்டங்கள் இன்றைய அளவிலேயும் இருந்ததாகக் காட்டினர். சுருள்கள் குறைந்தன, வில்லைகள் பெருகின, நீள்வட்டங்கள் மாறவில்லை. இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் பேசாதிருந்தால் போதும். எது எதுவாக மாறியது என்பதை வகுப்பே சொல்லிவிடும். அந்த ஆசிரியையின் வினாவுக்கும் இதிலேயே பாதி விடை உண்டு. நீள்வட்டங்கள் பெரும்பாலும் மிக முன்னரே உருவானவை. வில்லைகளில் பல, வாழ்ந்த இடத்தால் ஆனவை.

தொலைவான திரள்களைப் படத்தில் மட்டுமே காண முடியும் என்று குறைபடுவோருக்கு நம் அண்டை அயலையே பாடமாக்கலாம். பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் சிறு குழு ஒன்றின் இரு பெருந்தலைகள். இவற்றை நெருங்கிச் சுற்றும் குட்டி அண்டங்கள் அநேகமாக எல்லாம் வாயு வறண்டவை. என்ஜிசி 6822, ஐசி 1613 போலத் தொலைவில் தனித்திருப்பவை வாயுவுடன் ஒழுங்கற்ற வடிவில் உள்ளன. பெருந்திரளின் விதி சிறிய அளவில் இங்கும் செல்லுகிறது. விலக்கு, மகெல்லன் மேகங்கள் இரண்டும். அருகிலிருந்தும் வாயு நிறைந்தவை. அவை அளவில் பெரியவை, நம் அருகே வந்து நெடுங்காலம் ஆகவில்லை என்பது பலர் கருத்து. ஆண்ட்ரோமீடா நம்மோடு மோதுவது உறுதி என்று 2012-ஆம் ஆண்டு முதல் பாடப்புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் வந்துகொண்டிருந்தது. 2025-இல் வெளியான மறுகணக்கின்படி அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே. பழைய குறிப்புகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் திருத்திக்கொள்ளலாம்.

ஆண்ட்ரோமீடாவைக் கார்த்திகை, மார்கழி மாதங்களின் முன்னிரவில், நிலவில்லாத நாளில், உத்திரட்டாதிக்கு வடகிழக்கே மங்கலான ஒளித்தீற்றாகக் கண்ணாலேயே காணலாம். சிறிய தொலைநோக்கி இருந்தால் அதன் பக்கத்திலேயே எம் 32, எம் 110 என்னும் இரு குட்டி நீள்வட்டங்களும் தெரியும். பெரிய சுருளின் பக்கத்தில் வாயு வறண்ட சிறியவை என்று அப்போதே சுட்டிக்காட்டலாம். கன்னித் திரள் சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் உத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும். அதற்கு ஆறங்குலத் தொலைநோக்கியும் இருண்ட வானமும் வேண்டும். மகெல்லன் மேகங்கள் தில்லியில் பணிபுரியும் நம்மவர்க்கு அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசிரியர்கள் சனவரி மாதக் கடைசியில், இரவு ஒன்பது மணியளவில், விளக்கொளியில்லாத கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், பெரிய மேகம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 12 பாகை உயரத்தில் நிற்கும். நீட்டிய கையின் முட்டியை அடிவானத்தில் வைத்து, அதன்மேல் ஒரு விரல் அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம்.